உப்புக்காற்றில் நிற்கும் ஒட்டு: எபொக்சி வேலை பழகுவோருக்கு

பைபர் படகு வேலையில் கைபழகியவர்கள், பிசினையும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரையும் கலந்து ஒட்டும் எபொக்சிப் பசைக்கு வரும்போது பழைய பழக்கம் ஒன்றையும் கூடவே கொண்டுவந்துவிடுகிறார்கள். படகு கட்டும் பொலியெஸ்டர் பிசினில், மழை இருட்டிக்கொண்டு வந்தால் கட்டலிஸ்டை நாலு சொட்டுக் கூட்டி விடுவார்கள். பிசினும் சீக்கிரம் இறுகிவிடும். அதே கையோடு எபொக்சியில் ஹார்ட்னரைக் கூட்டி ஊற்றினால் மறுநாள் காலையில் ரப்பர் மாதிரி ஒன்றுதான் கிடக்கும். ஒரு மாதம் வெயிலில் கிடந்தாலும் அது கல்லாகாது.

பொலியெஸ்டருக்கு விடும் கட்டலிஸ்ட் தீக்குச்சி மாதிரி. நூற்றுக்கு ஒன்று, இரண்டு வீதம் போதும். மிச்சத்தைப் பிசின் தானே பார்த்துக்கொள்ளும். எபொக்சியின் ஹார்ட்னரோ சுவருக்குள் போகும் கல். கூட்டிப் போட்டால் கட்டாத கல் உள்ளே மிஞ்சிக் கிடக்கும், குறைத்தால் சுவரில் ஓட்டை விழும். வேகம் வேண்டுமென்றால் வேகமான ஹார்ட்னர் உள்ள பொதியை வாங்க வேண்டும், அல்லது சூடு காட்ட வேண்டும். விகிதத்தில் கைவைக்கக் கூடாது.

திருகோணமலையில் படகு, வீட்டுச் சாமான், கொங்கிறீற்று எதை ஒட்டினாலும் மூன்று எதிரிகள்: பகலில் வெயில், இரவில் ஈரம், எப்போதும் உப்பு. கீழே சொல்வதெல்லாம் அந்த மூன்றையும் கணக்கில் எடுத்தே.

உள்ளே நடப்பது

கடையில் கிடைக்கும் எபொக்சிப் பிசின்களில் பெரும்பாலானவை பிஸ்பீனோல் ஏ, எபிகுளோரோஹைட்ரின் என்ற இரண்டையும் சேர்த்துச் செய்தவை. மூலக்கூறின் இரு முனையிலும் ஒவ்வொரு வளையம் இருக்கும்: இரண்டு காபனும் ஒரு ஒட்சிசனும் சேர்ந்த சின்ன முக்கோணம். முக்கோணமாக வளைந்து நிற்பது அந்த அணுக்களுக்கு வசதியான இருப்பு இல்லை. அவிழ வழி கிடைத்தால் அவிழ்ந்துவிடும். வழியைத் தருவது ஹார்ட்னரில் உள்ள அமைன். அமைனின் நைதரசனோடு தொங்கும் ஒரு ஐதரசன் ஒரு வளையத்தைத் திறக்கும். திறந்த இடத்தில் பிசினும் ஹார்ட்னரும் நிரந்தரமாகப் பிணைந்துவிடும். கூடவே அங்கே ஒரு ஐதரொட்சில் பிறக்கும். அது பக்கத்து வளையங்கள் திறப்பதை இன்னும் விரைவுபடுத்தும். கோப்பையில் பத்து நிமிடம் தண்ணீர்போல இருந்த கலவை திடீரென்று சூடேறித் தடிப்பது இதனால்தான்.

எதுவும் ஆவியாகிப் போவதில்லை. ஆகவே காற்றோட்டம் கொடுத்தால் சீக்கிரம் காயும் என்ற கணக்கு எபொக்சிக்குச் செல்லாது. பெயின்ட் காய்வது வேறு, இது வேறு.

ஒரு ஐதரசனுக்கு ஒரு வளையம் என்பதால் விகிதத்தைத் தாளில் போட்டே பார்க்கலாம். சாதாரண திரவப் பிசினில் ஒரு வளையத்துக்கு ஏறக்குறைய 190 கிராம் பிசின். ட்ரையெத்திலீன் டெட்ரமைன் என்ற பழைய, நன்கு தெரிந்த ஹார்ட்னரின் மூலக்கூற்று எடை 146. வேலை செய்யும் ஐதரசன் ஆறு. 146ஐ 6ஆல் பிரித்தால் ஐதரசன் ஒன்றுக்கு 24.3 கிராம். 190 கிராம் பிசினுக்கு 24.3 என்றால் 100 கிராமுக்கு 12.8. பொதியில் 100க்கு 13 என்று அச்சிட்டிருப்பது இப்படி வந்த எண். தயாரிப்பாளர் வேறு ஹார்ட்னர் போட்டால் எண்ணும் மாறும். ஒரு பொதியின் ஹார்ட்னரை இன்னொரு பொதியின் பிசினுக்கு விடுவது ஏன் சூதாட்டம் என்பதும் இதிலேயே தெரிகிறது.

இனி, ஏன் 24 மணித்தியாலத்தில் தொட்டால் கல்லாக இருக்கும் பசைக்கு ஏழு நாள் கேட்கிறார்கள்? கோணேசர் தேர் பார்க்க நிற்கும் சனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் குறைவாக இருக்கும்போது யாரும் யாரிடமும் நடந்துபோய்க் கை பிடிக்கலாம். நெருக்கம் கூடக் கூட, இரண்டு அடி தள்ளி நிற்பவரின் கைகூட எட்டாது. பசைக்குள்ளும் அதுவே. முக்கால்வாசி பிணைந்தவுடன் மூலக்கூறுகள் அசைய முடியாமல் உறைந்துவிடும். மீதி வளையங்கள் ஆள் கிடைக்காமல் காத்துக் கிடக்கும். அவற்றை அசைக்கச் சூடுதான் வழி. இறுகிய பிறகு காட்டும் இந்தப் பின்சூட்டைக் கடைசிப் பக்கம் திரும்பப் பார்ப்போம்.

எந்தப் பொதி

1946இல் சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவனம் அரல்டைட் என்ற பெயரில் கொண்டுவந்த பசை அவ்வளவு பரவியதால், எபொக்சி எதுவானாலும் அரல்டைட் என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அப்படிக் கேட்டால் கடைக்காரர் கைக்கு வருவதைத் தருவார். கேட்க வேண்டியது இறுகும் நேரமும் ஹார்ட்னரின் இனமும்.

ஐந்து நிமிடப் பொதியில் ஹார்ட்னர் பெரும்பாலும் மெர்கப்டன், அதாவது கந்தகம் சேர்ந்த இனம். மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை மணம் வரும். உடைந்த கைப்பிடி, பொம்மை, வேலை நடக்கும்வரை ஒன்றைப் பிடித்து வைப்பது, இவற்றுக்கு நல்லது. தண்ணீருக்கும் சூட்டுக்கும் தாங்காது. படகில் நீர்மட்டத்துக்குக் கீழே இதைப் போடுபவர் அதே வேலையை மறுபடி செய்யத் தயாராக இருக்க வேண்டும்.

பொலிஅமைட் ஹார்ட்னர் பொதிகள் பெரும்பாலும் 1:1. மெதுவாக இறுகும், கொஞ்சம் வளைந்து கொடுக்கும், ஈரத்தைத் தாங்கும், விகிதம் சிறிது பிசகினாலும் மன்னிக்கும். பழகுபவருக்கு முதல் பொதி இதுவாக இருப்பது நல்லது.

திரவ அமைன் பொதிகள், 2:1, 3:1, 5:1 என்று வருபவை, கண்ணாடி நார்த்துணியில் ஊறவைக்கவும் பலம் கூடிய வேலைகளுக்கும். வேகமான ஹார்ட்னர், மெதுவான ஹார்ட்னர் என்று இரண்டும் கிடைத்தால் நம்முடைய வெயிலுக்கு மெதுவானதை எடுக்க வேண்டும். இதில் வாதத்துக்கு இடமில்லை.

ஈரமான இடத்துக்கு ஃபினல்கமைன் என்ற இனம் உண்டு. அது நம்முடைய கிழக்கில் விளையும் மரமுந்திரிகைக் கொட்டையின் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயை மூலமாகக் கொண்டது. கஜுத் தோடு கையில் பட்டால் கொப்புளம் போடும் அதே எண்ணெய்தான். குளிரிலும் ஈரத்திலும் இறுகும் என்பதால் கப்பல் பெயின்டுகளில் நிறையப் பயன்படுகிறது.

நிறுத்தல்

பொதியில் இரண்டு விகிதம் அச்சிட்டிருக்கலாம், ஒன்று எடையால், ஒன்று கொள்ளளவால். இரண்டும் ஒன்றல்ல. பிசின் ஹார்ட்னரைவிடப் பாரம் கூடியது. பிசினின் அடர்த்தி 1.15, ஹார்ட்னரினது 1.0 என்று வைத்தால், கொள்ளளவால் 2:1 என்பது எடையால் 100க்கு 43. தராசில் வைத்து 100க்கு 50 ஊற்றினால் ஹார்ட்னர் ஆறில் ஒரு பங்கு கூடிவிட்டது.

சமையலறைத் தராசு ஒரு கிராம் படியில்தான் காட்டும். 10 கிராம் பிசினுக்கு 1.3 கிராம் ஹார்ட்னர் வேண்டுமென்றால், அந்தத் தராசில் 0.5க்கும் 1.5க்கும் இடையில் எல்லாமே ‘1’. பாதிக்கும் குறைவாக விட்டாலும் தெரியாது. 0.1 கிராம் காட்டும் சின்ன மின்தராசு ஒன்று வாங்குங்கள். நல்லது கிடைத்தால் 0.01. அது வரும்வரை ஒரு தடவையில் 50 கிராமுக்குக் குறைவாகக் கலக்க வேண்டாம், அல்லது ஊசி போடாத சிறிஞ்சில் கொள்ளளவால் அளவிடுங்கள். ட்யூப் பொதியில் இரண்டு கோடுகளைப் பக்கம் பக்கமாக ஒரே நீளத்துக்கு இழுப்பது போதும், கோடுகளின் தடிப்பும் ஒன்றாக இருந்தால்.

எப்போது தொடங்குவது

கலந்த பசை கோப்பையில் நிற்கும் நேரம் என்று பொதியில் ‘30 நிமிடம்’ போட்டிருப்பது பெரும்பாலும் 100 கிராம் கலவைக்கு, 25 பாகை செல்சியஸில். 10 பாகை ஏறினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆக 33 பாகையில் அந்த 30 நிமிடம் 17க்கு இறங்கிவிடும். கச்சான் அடிக்கும் ஆனி, ஆடி நடுப்பகலில் தகரக் கூரைக்குக் கீழே இன்னும் குறையும்.

மாரியில் தொல்லை வேறு. வாடை தொடங்கிய பிறகு ஈரப்பதன் இறங்கவே இறங்காது. இதற்கு ஒரு கைக்கணக்கு: நூறிலிருந்து ஈரப்பதன் வீதத்தைக் கழித்து, ஐந்தால் பிரித்து, வந்ததை வெப்பநிலையிலிருந்து கழித்தால் பனிபடுநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, கிட்டத்தட்ட வரும். 30 பாகை, 75 வீதம் என்றால் 25 பாகை. இரவு 26 பாகை, 85 வீதம் என்றால் 23. ஒட்டப்போகும் பொருளின் சூடு பனிபடுநிலையைவிட ஆகக் குறைந்தது 3 பாகை மேலே இருக்க வேண்டும். இரவு முழுக்க வெளியில் கிடந்த அலுமினியம் காலை ஆறு மணிக்கு இந்தக் கணக்கில் தோற்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப் படலம் அதன் மேல் இருக்கும்.

அதனால் கோடையில் பிற்பகல் மூன்று மணியை ஒட்டித் தொடங்குவதே இந்த ஊருக்குப் பொருந்துகிறது. வெயில் இறங்க இறங்க மரமும் பைபரும் குளிரும்; உள்ளே விரிந்திருந்த காற்று சுருங்கிப் பசையை உள்ளே இழுக்கும். காலையில் பூசினால் இதற்கு எதிர்மாறாக, சூடேறும் மரம் காற்றைத் துப்பிக் குமிழி போடும். ஆனால் இருட்டிப் பனி விழ முன்னர் பசை கட்டியாகிவிட வேண்டும். மெதுவான ஹார்ட்னர் என்றால் மேலே பொலித்தீன் தாள் ஒன்றை ஒட்டினாற்போல் விரித்துவிடுங்கள். எபொக்சி பொலித்தீனில் பிடிக்காது, மறுநாள் உரித்து எடுக்கலாம். மாரியில் கூரைக்குக் கீழே, நடுப்பகலில் செய்யுங்கள்.

மேற்பரப்பு

நேரத்தில் பாதியை இங்கே செலவழிக்க வேண்டும். ஒழுங்குமுறை மாறக் கூடாது.

முதலில் நல்ல தண்ணீர். உப்புப் படிந்த பொருளை நேரே சாண்ட்பேப்பரால் தேய்த்தால் உப்பு கீறல்களுக்குள் அப்பிக்கொள்ளும். பசைக்குக் கீழே மாட்டிய உப்பு பசையினூடே மெல்ல ஊறிவரும் நீரைத் தன்பால் இழுக்கும். சில மாதத்தில் கொப்புளம். சவர்க்கார நீரில் கழுவி, நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசி, காயவிடுங்கள்.

அடுத்தது எண்ணெய். அசிட்டோன் தொட்ட வெள்ளைப் பருத்தித் துணியால் ஒரே திசையில் துடைத்து, அது ஆவியாக முன்னர் காய்ந்த துணியால் எடுக்க வேண்டும். துடைத்த துணியைத் திரும்பப் போத்தலுக்குள் தோய்ப்பவர் எண்ணெயைப் போத்தலுக்குள் சேர்க்கிறார். பெயின்ட் தின்னரில் எண்ணெய்ப்பசை மிஞ்சும் கலவைகள் உண்டு, அசிட்டோனே நல்லது. தேக்கு மரத்தில் இயற்கை எண்ணெய் இருப்பதால் அதைத் துடைத்த கையோடு ஒட்டிவிட வேண்டும்.

பிறகுதான் தேய்ப்பு. பைபருக்கு 80 இலக்கம், உலோகத்துக்கு 80 முதல் 120. பளபளப்பு ஒரு இடத்திலும் மிஞ்சக் கூடாது. தேய்த்த தூசைத் தூரிகையால் தட்டி, மறுபடி ஒருமுறை அசிட்டோன். கொம்பிரசர் காற்றால் ஊதுவதென்றால் அதில் எண்ணெய் வருகிறதா என்று வெள்ளைத் தாளில் ஊதிப் பாருங்கள்.

முடிந்ததா என்பதற்குத் தண்ணீரே சாட்சி. ஒரு கரண்டி சுத்தமான நீரை ஊற்றுங்கள். தட்டையாகப் பரவி அப்படியே நின்றால் சரி. வாழையிலையில் விழுந்தமாதிரி உருண்டால் எண்ணெயோ மெழுகோ இன்னும் இருக்கிறது, முதலிலிருந்து தொடங்குங்கள். பரவியது என்றால் துடைத்து நன்றாகக் காயவைத்துவிட்டு ஒட்டலாம். பழைய படகின் ஜெல்கோட்டில், அதாவது அதன் வெளிப் பளபளப்புப் பூச்சில், அச்சு மெழுகும் பொலிஷும் ஏறியிருக்கும் என்பதால் இந்தச் சோதனையை அங்கே தவறவிடாதீர்கள்.

அலுமினியம் ஒரு தனிக் கதை. தேய்த்த நிமிடமே புது ஒட்சைட்டுப் படலம் வளரத் தொடங்கும். ஈரம் வந்தால் அந்தப் படலம் தளர்ந்த வேறொரு வடிவத்துக்கு மாறி, பசை பிடித்திருந்த தளமே கழன்றுவிடும். பசையில் குறை இராது, ஆனாலும் துண்டு கையோடு வரும். இதற்கு ஒரு நல்ல தந்திரம்: கலந்த எபொக்சியை மெல்லிதாகப் பூசி, அந்த ஈரப் பசையினூடாகவே சாண்ட்பேப்பரால் தேய்ப்பது. புதிதாகத் திறக்கும் உலோகம் காற்றைப் பார்க்க முன்னரே பசையைப் பார்த்துவிடும். கறுத்த சேற்றைத் துடைத்தெடுத்துவிட்டுப் புதுப் பசை பூசி ஒட்டுங்கள்.

தண்ணீர்த் தாங்கி, மீன் பெட்டி, எண்ணெய்க் கான், எல்லாம் பொலியெத்திலின் அல்லது பொலிப்புரொப்பிலின். எபொக்சி அதில் ஒட்டாது. எவ்வளவு தேய்த்தாலும் ஒட்டாது. அதை வெல்டிங் செய்பவரிடம் கொடுங்கள்.

கொங்கிறீற்று ஒரு மாதம் முதிர்ந்திருக்க வேண்டும். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பாருங்கள். உள்ளே வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் வருகிறது.

கலக்கல், பூசல்

கையுறை முதலில், நைட்ரைல் இனம். ஹார்ட்னர் தோலில் பட்டுப் பட்டு ஒருநாள் ஒவ்வாமை தொடங்கினால் அது ஆயுளுக்கும் போகாது. பிறகு அந்த மணம் பட்டாலே சொறியும். கையில் பட்டதை அசிட்டோனால் கழுவுவது இன்னும் மோசம், அது பசையைத் தோலுக்குள் கொண்டுபோகும். துணியால் துடைத்துச் சவர்க்காரம் போடுங்கள். வினாகிரி, கருவிகளில் உள்ள இறுகாத பசையைக் கழுவ நல்லது. கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்குப் போக ஏற்பாடு செய்ய வேண்டும்.

கலக்க அகலமான, வழுவழுப்பான கோப்பை எடுங்கள். ஒடுங்கிய யோகட் கோப்பையில் 200 கிராமைக் கலந்துவிட்டுப் பேசிக்கொண்டு நின்றால் சூடு வெளியேற வழியில்லாமல் கோப்பை இளகும், கலவை புகைக்கும். அந்தப் புகையை மூச்சில் எடுக்கக் கூடாது. அப்படி ஏறத் தொடங்கினால் வெளியே மணலில் கொண்டுபோய் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். மூடி போடக் கூடாது. பெரிய அளவு தேவையென்றால் கலந்தவுடன் தட்டையான தட்டில் பரப்பி ஊற்றுங்கள். அதே கலவை இரண்டு மடங்கு நேரம் நிற்கும்.

கலக்கும் நேரம் முழுதாக மூன்று நிமிடம், கடிகாரம் பார்த்து. சுவரையும் அடியையும் மூலையையும் வழித்து வழித்து. பிறகு எல்லாவற்றையும் இரண்டாவது கோப்பைக்கு மாற்றி இன்னும் ஒரு நிமிடம். முதல் கோப்பையின் சுவரில் கலக்காத பிசின் எப்போதும் ஒட்டியிருக்கும். ஒட்டிய இடத்தில் ஒரு பகுதி கல், ஒரு பகுதி பிசுபிசுப்பு என்று வருவதற்கு இதுவே முதற்காரணம். பசையை வழித்து எடுப்பதென்றால் இரண்டாவது கோப்பையிலிருந்து எடுங்கள்.

இடைவெளி உள்ள இடத்துக்குக் கலந்த பிறகு தடிப்பாக்கி சேர்க்கலாம். கொலொயிடல் சிலிக்கா என்ற வெள்ளைப் பொடி, பஞ்சைவிட இலேசானது. முகமூடி இல்லாமல் திறக்காதீர்கள். மூட்டுக்குக் கட்டித்தயிர்ப் பதம், செங்குத்துச் சுவருக்கு மாஜரின் பதம். ஆனால் முதலில் தடிப்பாக்காத வெறும் பசையை இரண்டு பக்கமும் தடவி ஊறவிட்டு, அதன் மேல்தான் தடிப்பானது. மரத்தில் இதை விட்டால் மரம் தடிப்பான பசையிலிருந்து பிசினை உறிஞ்சிவிட்டு வெறும் பொடியை மூட்டில் விட்டுவிடும்.

இறுக்கிப் பிடிக்கும்போது கை பரபரக்கும். கிளாம்பை முழுப் பலத்தோடு முறுக்கிப் பசை முழுவதையும் பிதுக்கி வெளியேற்றுவது மரவேலைப் பசைக்குப் பழகியவர்களின் வழி. எபொக்சிக்கு 0.1 முதல் 0.3 மில்லிமீற்றர் தடிப்பு மூட்டுக்குள் நிற்க வேண்டும். மீன்பிடிக் கடையில் 0.2 மில்லிமீற்றர் தங்கூசி நூல் கிடைக்கும். அசிட்டோனால் துடைத்து, சின்னத் துண்டுகளாக வெட்டி, மூட்டின் ஓரங்களில் நாலைந்து வைத்துவிட்டுக் கிளாம்ப் போடுங்கள். தடிப்பு தானாக வந்துவிடும். ஓரத்தில் ஒரே சீராகப் பசை பிதுங்கி வந்தால் போதும், அதற்கு மேல் முறுக்க வேண்டாம்.

படகுப் பைபரில் வெடிப்பைத் திருத்தும்போது இரண்டு விசயம். வெடிப்பின் இரு பக்கமும் தடிப்பைப் போல் 12 மடங்கு தூரத்துக்குச் சரிவாக அரைத்தெடுங்கள். 5 மில்லிமீற்றர் தடிப்புக்கு 6 சென்றிமீற்றர். அதில் நெய்த கண்ணாடித் துணியை வைக்கவும். பொலியெஸ்டர் வேலைக்கு வரும் நறுக்கு நார்ப் பாய் பலவற்றில் நாரைப் பிடித்து வைக்கும் பசை, பொலியெஸ்டர் பிசினில் இருக்கும் ஸ்டைரீனில்தான் கரையும். எபொக்சியில் ஸ்டைரீன் இல்லாததால் பாய் விறைத்தே நிற்கும். அடுத்தது, முடிந்த எபொக்சியின் மேல் பொலியெஸ்டர் ஜெல்கோட் பூசாதீர்கள். மிஞ்சிய அமைன் அதை இறுகவிடாது. இரண்டு பொதிப் பொலியுரேத்தேன் பெயின்ட் பூசலாம்.

இறுகிய பிறகு

மறுநாள் மேற்பரப்பில் மெழுகு தடவினாற்போல் வழுக்கினால் அது அமைன் காற்றின் ஈரத்தோடும் காபனீரொட்சைட்டோடும் சேர்ந்து விட்ட படிவு. மாரியில் வேகமான ஹார்ட்னர் போட்டால் தப்ப முடியாது. தண்ணீரில் கரையும். ஆகவே நல்ல தண்ணீரும் பச்சை நார்த்துடைப்பானும் கொண்டு தேய்த்துக் கழுவிவிட்டே சாண்ட்பேப்பர். முதலில் சாண்ட்பேப்பரை எடுத்தால் படிவு தாளை அடைத்து, எஞ்சியது கீறலுக்குள் போகும். மேலே பூசும் பெயின்ட் தோல்தோலாக உரியும்.

அறைச்சூட்டில் இறுகிய எபொக்சி பொதுவாக 50 முதல் 60 பாகைக்குள் தளரத் தொடங்கும். உருகாது, ஆனால் கண்ணாடித்தன்மை போய் ரப்பராகிவிடும். கரையில் ஏற்றிவைத்த படகின் கறுத்த பகுதியை நண்பகலில் கையால் தொட முடியாது. அங்கே 60 பாகை என்பது சாதாரணம். நீர் ஊறிய எபொக்சி இன்னும் குறைந்த சூட்டிலேயே தளரும். இதற்கு இரண்டு மருந்து. வெள்ளையோ இளநிறமோ பூசுவது ஒன்று. புறஊதாக் கதிரில் மஞ்சளாகிப் பொடியாவதையும் அதே பெயின்ட் தடுக்கும். மற்றது பின்சூடு. ஒருநாள் இறுகிய பிறகு 60 பாகையில் நாலைந்து மணித்தியாலம் வைத்தால், காத்துக் கிடந்த வளையங்களும் பிணைந்து தளரும் வெப்பநிலை மேலே போகும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் 40 பாகை இதற்குக் காணாது. கறுத்த பொலித்தீனால் கூடாரம்போல மூடி வெயிலில் வைத்து, உள்ளே ஒரு வெப்பமானியைத் தொங்கவிடுங்கள். சூடு மெல்ல ஏற வேண்டும், பாரம் ஏதும் தொங்கக் கூடாது.

பாரம் என்றதும் ஒன்று. தலைக்கு மேலே தொங்கும் எதையும், விசிறியோ கொங்கிறீற்றுப் பலகையோ, விரைவாக இறுகும் எபொக்சியை நம்பித் தொங்கவிட வேண்டாம். 2006 யூலை 10ஆம் திகதி அமெரிக்காவின் பொஸ்ரன் நகரச் சுரங்கச் சாலையில் கூரைப் பலகைகள் கார் ஒன்றின் மேல் விழுந்து ஒருவர் இறந்தார். அங்கே போல்ட்டுகளைப் பிடித்திருந்தது விரைவாக இறுகும் இனம் என்றும், நிரந்தரப் பாரத்துக்கு அது மெல்ல மெல்ல நீண்டு கழன்றது என்றும் விசாரணை கண்டது. போட்ட அன்று இழுத்துப் பார்த்தால் அது பலமாகவே இருந்திருக்கும்.

மூட்டின் வடிவமும் ஆயுளைக் கூட்டும், குறைக்கும். பக்கவாட்டில் இழுத்தால் எபொக்சி அசையாது. ஓரத்திலிருந்து வாழைப்பழத் தோல்போல உரித்தால் சுலபமாகக் கொடுத்துவிடும். ஒட்டும் அகலத்தைக் கூட்டுங்கள். உரியக்கூடிய முனையில் ஒரு ஆணியோ ரிவிட்டோ போடுங்கள்.

போத்தல்களை இறுக மூடி நிழலில் வையுங்கள். ஹார்ட்னர் போத்தலின் வாயில் வெள்ளைப் பொருக்கு கட்டினால் மூடி சரியில்லை என்று அர்த்தம். பிசின் தேன் உறைந்தாற்போல் குருணையாகிவிட்டால் எறிய வேண்டாம். போத்தலைச் சுடுநீரில் வைத்து 50, 60 பாகைக்குக் கொண்டுவந்து குருணை ஒன்றும் மிஞ்சாமல் தெளியும்வரை கலக்கினால் பழையபடி வரும்.

ஆப்புச் சோதனை

பலம் எவ்வளவு என்பதைவிட, தண்ணீர் பட்ட பிறகு எவ்வளவு மிஞ்சும் என்பதே இங்கே கேள்வி. விமானத் துறையினர் இதற்குச் செய்யும் சோதனையை வீட்டிலும் ஓரளவு செய்யலாம். 3 மில்லிமீற்றர் தடிப்பு, 25 மில்லிமீற்றர் அகலம், 15 சென்றிமீற்றர் நீளமுள்ள அலுமினியப் பட்டை ஆறு வெட்டுங்கள், மூன்று சோடி. முதற் சோடியை எண்ணெய் துடைத்து அப்படியே ஒட்டவும். இரண்டாவதைத் துடைத்து, தேய்த்து, துடைத்து. மூன்றாவதை ஈரப் பசையினூடாகத் தேய்த்து. ஒவ்வொன்றிலும் ஒரு முனையில் 3 சென்றிமீற்றருக்குப் பொலித்தீன் துண்டு வைத்துப் பசை படாமல் விடுங்கள்.

ஏழு நாள் கழித்து, ஒட்டாத முனைக்குள் 3 மில்லிமீற்றர் ஆப்பை, அதே பட்டையின் ஒரு துண்டு போதும், முனையோடு மட்டமாகும்வரை அடித்து இறக்குங்கள். பசை சிறிது பிளந்து ஓரிடத்தில் நிற்கும். பத்து நிமிடம் விட்டு, பூதக்கண்ணாடியால் பிளவின் நுனியைப் பார்த்துப் பக்கவாட்டில் ஊசியால் கீறி அடையாளமிடுங்கள். ஆப்பை எடுக்காமலே மூன்றையும் கடல்நீர்ப் போத்தலில் போட்டு வெயிலில் வையுங்கள். ஒரு மணித்தியாலம், ஒரு நாள், ஒரு கிழமை கழித்து நுனி எவ்வளவு ஓடியிருக்கிறது என்று அளக்கவும். முதற் சோடி பெரும்பாலும் அதற்குள் இரண்டாகக் கிடக்கும்.

கடைசியில் எல்லாவற்றையும் திருகாணிச் சாவியால் முழுதாகப் பிளந்து உள்ளே பாருங்கள். இரண்டு பட்டையிலும் பசை கிழிந்து ஒட்டியிருந்தால் மேற்பரப்பு நின்றிருக்கிறது, பசைதான் கிழிந்தது. ஒரு பட்டையில் அலுமினியம் பளிச்சென்று தெரிந்தால் தண்ணீர் அடியால் போய்விட்டது. அப்படியானால் பொதியை மாற்ற வேண்டியதில்லை. அடுத்த சோடியை நல்ல தண்ணீரில் கழுவுவதிலிருந்து தொடங்க வேண்டும்.